கப்பல் சுற்றுலா முடிந்து சிங்கப்பூரில் ஓர் இரவு: விடுதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு பினாங்கு, போர்ட் கிள்ளான், புக்கெட் போன்ற துறைமுகங்களைச் சுற்றிவிட்டுத் திரும்பவும் சிங்கப்பூரிலேயே இறக்கிவிடும் கப்பல் சுற்றுலாக்களில் இப்போது தமிழ்நாட்டிலிருந்து நிறையக் குடும்பங்கள் போகின்றன. முன்பதிவு செய்யும்போது எல்லோருடைய கவனமும் கப்பல் அறையிலும் உணவிலும் இருக்கும். இறங்கிய பிறகு ஊர் திரும்பும் விமானத்துக்கு முன்னால் நகரத்தில் கழிக்க வேண்டிய அந்த ஓர் இரவைப் பலரும் கடைசி வாரத்தில்தான் நினைக்கிறார்கள். வயதான தாயாரையும் பெரிய பெட்டிகளையும் வைத்துக்கொண்டு அந்த ஒரு நாளைக் கடத்த நாங்கள் பட்ட சிரமம் அடுத்தவர்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த ஓர் இரவுக்கு மட்டுமான விடுதியைக் கப்பல் கரைசேரும் நேரத்தையும் விமானம் புறப்படும் நேரத்தையும் வைத்தே முடிவு செய்யுங்கள். நட்சத்திரமும் படங்களும் அதற்குப் பிறகு வரட்டும். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையிலேயே இருக்கின்றன.

1. விமான நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

முதலில் விமானச் சீட்டை எடுத்து, புறப்படும் தேதியையும் நேரத்தையும் நிதானமாகப் படியுங்கள். சிங்கப்பூரிலிருந்து தமிழ்நாட்டுக்கு வரும் விமானங்களில் சில நள்ளிரவை ஒட்டிப் புறப்படுகின்றன. கப்பல் ஞாயிற்றுக்கிழமை காலையில் கரைசேர்கிறது, சீட்டில் திங்கட்கிழமை 1.30 மணி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு. அதாவது உங்களுக்கு இரவுத் தங்கல் தேவையே இல்லை. குளித்து, கொஞ்சம் படுத்து எழ ஒரு பகல் அறை போதும். திங்கட்கிழமை என்று பார்த்துவிட்டுத் திங்கள் இரவுக்கு அறை எடுத்தால் பணம் முழுவதும் வீண்.

விமானம் காலை ஒன்பது மணிக்கு என்றால் ஆறு மணிக்கெல்லாம் விமான நிலையத்தை அடைய வேண்டும். அதிகாலையில் எம்.ஆர்.டி. ரயிலை நம்ப முடியாது. நகரத்தில் முதல் ரயில்கள் சுமார் ஐந்தரை மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் இன்னும் தாமதமாகும். எனவே வாடகைக் காருக்கு ஆகும் செலவையும் அறை வாடகையோடு சேர்த்துப் பாருங்கள். விமானம் மாலையில் என்றால் சிக்கல் வேறு: பெரும்பாலான விடுதிகளில் பதினொன்று அல்லது பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அதன் பிறகு பெட்டிகளை எங்கே வைப்பது என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கப்பல் தரப்பு நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கப்பல்கள் பொதுவாகக் காலையில் கரைசேர்ந்து, பயணிகளைப் பத்து, பதினொரு மணிக்குள் இறக்கிவிடும். விடுதிகளோ பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் அறை தரும். இடையில் உள்ள நான்கைந்து மணி நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதே இந்தப் பயணத்தின் உண்மையான கேள்வி.

2. எந்த முனையத்தில் இறங்குகிறீர்கள் என்று பாருங்கள்

சிங்கப்பூரில் கப்பல் முனையங்கள் இரண்டு. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் வந்து நிற்பது 2012இல் திறக்கப்பட்ட மரீனா பே கப்பல் முனையத்தில். ஹார்பர்ஃப்ரண்ட் பகுதியில் விவோசிட்டி வணிக வளாகத்தை ஒட்டியுள்ளது மற்றொன்று. பாத்தாம் தீவுக்கான ஃபெர்ரிகளும் அங்கிருந்து புறப்படுகின்றன. புறப்படும் முனையமும் திரும்பி வரும் முனையமும் ஒன்றா என்பதைக் கப்பல் சீட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மரீனா பே முனையத்துக்கு அருகில் உள்ள ரயில் நிலையம் மரீனா சவுத் பியர். வடக்கு-தெற்குத் தடத்தின் கடைசி நிலையம் அது. முனையத்திலிருந்து ஐந்து முதல் பத்து நிமிட நடை. ஹார்பர்ஃப்ரண்ட் முனையத்துக்கு அதே பெயருள்ள நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து வடகிழக்குத் தடம் சைனாடவுன், லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் ஆகிய இடங்களுக்கு மாறாமல் போகிறது. மரீனா சவுத் பியரிலிருந்து லிட்டில் இந்தியா போக வேண்டுமென்றால் தோபி காட் நிலையத்தில் இறங்கி வடகிழக்குத் தடத்துக்கு மாற வேண்டும். மாறிய பின் ஒரே ஒரு நிலையம்தான், ஆனால் தோபி காட்டில் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் தூரம் அதிகம். ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி இருந்தால் அந்த நடையை விட வாடகைக் காரே மேல்.

3. பகுதியைத் தேர்ந்தெடுங்கள்

தமிழ்க் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது லிட்டில் இந்தியாவையும் அதை அடுத்த ஃபேரர் பார்க்கையும்தான். செராங்கூன் சாலையில் காலை இட்லியும் காபியும் கிடைக்கும். 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ் போன்ற சைவ உணவகங்கள் நடந்து போகும் தூரத்தில் உள்ளன. வீரமாகாளியம்மன் கோயிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலும் அதே சாலையில். கடைசி நேரத்தில் வாங்க வேண்டியவற்றுக்கு முஸ்தஃபா கடை இருக்கிறது. விடுதி வரவேற்பில் தமிழிலேயே பேசிக் காரியம் முடிக்கும் வாய்ப்பும் அதிகம். கப்பலில் சில நாள்கள் ஒரே மாதிரி உணவு சாப்பிட்ட பெரியவர்களுக்கு இந்த வசதியின் அருமை தெரியும். விமான நிலையத்துக்கும் வழி சுலபம்: லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் தடத்தில் ஏறி எக்ஸ்போவில் இறங்கி, அங்கிருந்து ஒரே நிலையம் சாங்கி.

இந்தப் பகுதியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஞாயிறு மாலையில் அங்கே கூட்டம் மிக அதிகம். வார விடுமுறைக்காக வரும் தொழிலாளர்கள் சாலையோரம் முழுக்க நிறைந்திருப்பார்கள். பெட்டிகளோடு நடப்பதும் கார் பிடிப்பதும் அப்போது மெதுவாகத்தான் நடக்கும். அடுத்தது தைப்பூசம். சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் போகும் நாளில் சாலைத் தடங்கள் மூடப்படும். அந்த நாளில் இறங்குகிறவர்கள், திருவிழாவைப் பார்க்கும் எண்ணம் இருந்தால் ஒழிய, வேறு பகுதியைப் பாருங்கள்.

காலை விமானம் உள்ளவர்களுக்கு பூகிஸ், சிட்டி ஹால் பகுதிகள் பொருத்தம். கிழக்கு-மேற்குத் தடத்தில் தானா மேரா வரை போய் மாறினால் சாங்கி வந்துவிடும். ஹார்பர்ஃப்ரண்டில் இறங்குகிறவர்கள் சைனாடவுனையும் அவுட்ரம் பார்க்கையும் பார்க்கலாம். செந்தோசா அருகில்தானே இருக்கிறது என்று தோன்றும். ஒரே இரவுக்கு அது விமான நிலையத்திலிருந்து விலகிய இடம், அங்கே தங்குவதன் பயனும் அரை நாளில் கிடைக்காது. மரீனா பே சாண்ட்ஸ் விடுதியின் மாடிக் குளம் அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும்தான். அதற்காகவே தங்க நினைக்கிறவர்கள், பிற்பகல் அறை கிடைத்து மறுநாள் முற்பகலில் காலி செய்வதற்கு இடையில் உண்மையில் எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று கணக்கிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அதிகாலை விமானம் என்றால் அது நிச்சயமாகத் தேவையில்லை.

விலைப் பட்டியலில் மிகக் குறைவாகத் தெரியும் விடுதிகள் பல கேலாங் பகுதியில் இருக்கும். அங்கே நல்ல உணவும் போக்குவரத்தும் உண்டு. ஆனால் சில தெருக்கள் பாலியல் தொழில் நடக்கும் இடங்கள் என்பதால், குழந்தைகளோடு இரவில் நடக்கத் தயங்குகிறவர்கள் வரைபடத்தில் தெருவைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

விமான நிலையத்திலேயே தங்குவது இன்னொரு வழி. மூன்றாம் முனையத்தோடு இணைந்த கிரவுன் பிளாசா விடுதியும், ஜூவல் வளாகத்துக்குள் மணிக்கணக்கில் அறை தரும் யோட்டல்ஏர் விடுதியும் குடியேற்றச் சோதனைக்கு வெளியே, பொதுப் பகுதியில் உள்ளவை. கப்பலிலிருந்து நேரே போய்த் தங்கலாம். குடியேற்றச் சோதனையைத் தாண்டிய உட்பகுதியில் இருக்கும் டிரான்சிட் விடுதிகள் அப்படியல்ல. விமானத்துக்குப் பதிவு செய்து, பெட்டிகளை ஒப்படைத்து, உள்ளே போன பிறகே அவற்றைப் பயன்படுத்த முடியும். பல குறைந்த கட்டண விமானங்களுக்குப் புறப்படுவதற்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்புதான் கவுண்டர் திறக்கும் என்பதால், முந்தைய நாளே உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு பலிக்காது. முன்பதிவுத் தளங்களில் இவ்விரு வகையும் ‘சாங்கி விமான நிலையம்’ என்ற ஒரே தலைப்பில் வரும். முகவரி வரியைப் படியுங்கள்.

4. அறை விவரத்தை வரி விடாமல் படியுங்கள்

ஏமாற்றம் அதிகம் நடப்பது இந்தப் படியில்தான்.

ஜன்னல்: சிங்கப்பூரின் சிக்கன விடுதிகளில் ஜன்னலே இல்லாத அறைகள் சாதாரணம். அறை வகையின் பெயருக்குள் சிறிய எழுத்தில் அது குறிக்கப்பட்டிருக்கும். படத்தில் திரைச்சீலை தெரிந்தாலும் அதற்குப் பின்னால் சுவர் இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் அறையில் இரண்டு பெரிய பெட்டிகளைத் திறந்து வைக்கக்கூட இடம் இருக்காது. கப்பல் துணிகளைப் பிரித்து அடுக்க வேண்டியிருந்தால் அறையின் பரப்பளவையும் பாருங்கள்.

லிஃப்ட்: பழைய கடைவீட்டு வரிசைகளை விடுதியாக மாற்றிய கட்டடங்கள் லிட்டில் இந்தியாவிலும் சைனாடவுனிலும் ஏராளம். பார்க்க அழகாக இருக்கும். நாங்கள் பதிவு செய்திருந்த அப்படிப்பட்ட ஒரு விடுதியின் வரவேற்பு மேசையே முதல் மாடியில் இருந்தது. தெருவிலிருந்து நேரே ஏறும் குறுகலான மரப்படிகள், பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. மூட்டு வலியுள்ள என் தாயார் ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து ஏறினார். அவருக்குப் பின்னால் நான் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றேன். பதிவுப் பக்கத்தில் குளிர்சாதனம், இணையம், காபிக் கெட்டில் எல்லாம் எழுதியிருந்தார்கள். படிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. வசதிகள் பட்டியலில் லிஃப்ட் என்று தனியாக எழுதியிருக்காவிட்டால் லிஃப்ட் இல்லை என்றே எடுத்துக்கொண்டு, விடுதிக்கு எழுதிக் கேளுங்கள். வேறு பயணிகளின் கருத்துகளில் ‘படி’ என்ற சொல்லைத் தேடுவதும் பயன் தரும்.

ஆள் கணக்கு: இரண்டு பெரியவர், இரண்டு குழந்தைகள் என்றால் அதை அப்படியே, வயதோடு பதிவில் போடுங்கள். இரண்டு பேருக்கு அறை எடுத்துவிட்டு நான்கு பேராகப் போய் நின்று சமாளிக்கலாம் என்ற பழக்கம் இங்கே செல்லாது. தங்கும் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். கூடுதல் ஆளுக்கு இடமில்லை என்றால் இன்னோர் அறை எடுக்கச் சொல்வார்கள், அன்றைய விலையில்.

வீட்டு வாடகை: தனியார் குடியிருப்புகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சிங்கப்பூரில் சட்டவிரோதம், வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீடுகளுக்குக் குறைந்தபட்சம் ஆறு மாதம். ஓர் இரவுக்கு முழு வீடு என்று யாராவது விளம்பரம் செய்தால், சமையலறை இருக்கிறதே என்று ஆசைப்பட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள். உரிமம் பெற்ற விடுதி மட்டும் போதும்.

5. உண்மையான விலையைக் கணக்கிடுங்கள்

சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் ++ என்ற குறி இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகையின் மீது 9 விழுக்காடு ஜிஎஸ்டி வரியும் தனி என்று பொருள். 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அறை 220 ஆகி, வரியோடு 239 வெள்ளி 80 காசாக முடியும். இந்த 9 விழுக்காடு 2024 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. பழைய கட்டுரைகளில் ஏழு, எட்டு என்று இருந்தால் அவற்றை நம்பாதீர்கள். ஒரு தளம் வரியோடு காட்டும், இன்னொன்று வரியில்லாமல் காட்டும். ஆகவே பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய், அங்கே தெரியும் தொகைகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

இந்திய வங்கி அட்டையில் வெளிநாட்டு நாணயத்துக்கு பெரும்பாலும் 2 முதல் 3.5 விழுக்காடு கூடுதல் கட்டணமும் அதன் மீது ஜிஎஸ்டியும் சேரும். விடுதியில் அட்டை இயந்திரம் ‘ரூபாயிலா, சிங்கப்பூர் வெள்ளியிலா’ என்று கேட்டால் வெள்ளியைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதம் உங்களுக்குப் பாதகமாக இருக்கும். அறை எடுக்கும்போது முன்பணமாக ஒரு தொகையை அட்டையில் நிறுத்தி வைக்கும் விடுதிகள் பல. கிரெடிட் கார்டு என்றால் அது சில நாள்களில் தானே விடுபடும். டெபிட் கார்டு என்றால் கணக்கிலிருந்தே கழிந்து, திரும்பி வர வாரங்கள் ஆகலாம். மறுநாளே நாட்டை விட்டுப் புறப்படுகிறவர்கள் இதற்குக் கிரெடிட் கார்டையே கொடுக்க வேண்டும்.

ரத்து செய்தால் பணம் திரும்பும் கட்டணத்தையே எடுங்கள், சற்று அதிகமானாலும். கப்பல் தாமதமாகலாம், விமான நேரம் மாறலாம். ரத்துக்கான கடைசி நேரம் சிங்கப்பூர் நேரப்படி இருக்கும். அங்கே மாலை 6 மணி என்றால் நம் ஊரில் பிற்பகல் 3.30. ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் நடக்கும் செப்டம்பர், அக்டோபர் வார இறுதியிலும், சீனப் புத்தாண்டு, ஆண்டு இறுதி விடுமுறைக் காலங்களிலும் விலை ஏறும். அந்த நாள்களில் கப்பல் திரும்புகிறது என்றால் கப்பல் சீட்டு எடுத்த அன்றே அறையையும் பதிவு செய்துவிடுங்கள்.

6. ஆவணங்கள்

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு சிங்கப்பூர் விசா தேவை. அரசுக் கட்டணம் 30 வெள்ளி; முகவர் கட்டணம் தனி. வருகைக்கு முந்தைய 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முகவர்கள் தங்குமிடச் சான்று கேட்பார்கள் என்பதால், ரத்து செய்யக்கூடிய விடுதிப் பதிவு அதற்குள் கையில் இருப்பது நல்லது. எல்லாவற்றையும் விட முக்கியம், விசா பலமுறை நுழைவுக்கு உரியதா என்பது. விமானத்தில் வந்து இறங்கியது ஒரு நுழைவு. கப்பலில் வெளியே போய்த் திரும்புவது இரண்டாவது நுழைவு. விசா கைக்கு வந்தவுடன் அந்த வரியைப் படியுங்கள்.

அடுத்தது சிங்கப்பூர் வருகை அட்டை, அதாவது நாட்டுக்குள் நுழையும் முன் இணையத்தில் நிரப்பும் படிவம். விமானத்தில் வரும்போது நிரப்பியது கப்பலில் திரும்பும்போது செல்லாது. புதிதாக ஒன்று நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள்தான் அதைச் சமர்ப்பிக்க முடியும். நான்கு இரவுப் பயணம் என்றால் ஏறும் நாளிலேயே முடித்துவிட வழியில்லை. கப்பல் இணையமோ விலை அதிகம். கடைசியாக நிற்கும் துறைமுகத்தில், கைபேசியில் கரை இணைப்பு கிடைக்கும்போதே குடும்பத்தினர் அனைவருக்கும் நிரப்பிவிடுங்கள். அதில் தங்குமிட விவரமும் கேட்பார்கள். விடுதியின் பெயர், முகவரி, அஞ்சல் எண் ஆகியவற்றை முன்பே கைபேசியில் படமாகச் சேமித்திருந்தால் இணையம் இல்லாமலும் பார்க்கலாம். குடியேற்ற ஆணையத்தின் தளத்திலும் செயலியிலும் இது இலவசம். பணம் கேட்கும் தளங்கள் அரசுடையவை அல்ல.

சில கப்பல்களில் பயணிகளின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு கடைசியில்தான் திருப்பித் தருவார்கள். எப்போது, எந்தத் தளத்தில் தருகிறார்கள் என்பதை முந்தைய மாலையே கேட்டுக்கொள்ளுங்கள்.

7. இறங்கும் நாள் காலை

முந்தைய இரவு பெட்டிகளை அறை வாசலில் வைத்தால் கப்பல் ஊழியர்கள் இறக்கித் தருவார்கள். அவற்றை முனையத்தில் தேடி எடுக்க வேண்டும். சொந்தமாகத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் முதலில் வெளியே வரலாம். ஆனால் விடுதி அறை பிற்பகல்தான் கிடைக்கும் என்பதால், பெரியவர்களோடு வருகிறவர்கள் அவசரப்பட்டு முதல் ஆளாக இறங்க வேண்டியதில்லை. கப்பலில் காலை உணவை முடித்துக்கொண்டு கடைசிக் குழுக்களோடு இறங்கினால், வாடகைக் கார் வரிசையும் ஓரளவு குறைந்திருக்கும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வெளியே வரும் முனையத்தில் அந்த வரிசை நீளமானது.

நேரே விடுதிக்குப் போய்ப் பெட்டிகளை வரவேற்பில் ஒப்படையுங்கள். வழக்கமான விடுதிகள் இதற்குப் பணம் வாங்குவதில்லை. படுக்கை மட்டும் தரும் கேப்சூல் விடுதிகளில் கட்டணம் இருக்கலாம், இடமே இல்லாமலும் போகலாம். மருந்து, மாற்றுடை, சார்ஜர், எல்லோருடைய பாஸ்போர்ட் ஆகியவற்றை மட்டும் ஒரு கைப்பையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். சிங்கப்பூரின் மின்செருகி தட்டையான மூன்று முனை கொண்டது. நம் ஊர் சார்ஜருக்கு அடாப்டர் வேண்டும்.

நால்வரும் நான்கு பெரிய பெட்டிகளும் ஒரு சாதாரண டாக்சியில் அடங்காது. ஆறு இருக்கை வண்டியைச் செயலியில் பதிவு செய்யுங்கள். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தை இருந்தால், செயலி வழியாக வரும் தனியார் வாடகைக் கார்களில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிகளுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு.

8. விமான நிலையத்துக்கு

ரயிலில் ஆளுக்கு மூன்று வெள்ளிக்குள் முடிந்துவிடும். தொடாமல் பணம் செலுத்தும் வெளிநாட்டு வங்கி அட்டையையே வாயிலில் காட்டிப் போகலாம். அதற்கு நாளொன்றுக்கு 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள், ஆளுக்கு ஒரு தனி அட்டையும் வேண்டும். புறப்படும் முன் இந்தியாவிலேயே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொடாமல் செலுத்தும் வசதியையும் திறந்து வையுங்கள்.

டாக்சி என்றால் நகரத்திலிருந்து சாங்கிக்குத் தோராயமாக 20 முதல் 35 வெள்ளி ஆகும். நள்ளிரவு முதல் காலை 6 மணிக்கு முன்பு வரை ஏறினால் மீட்டர் தொகையின் மீது 50 விழுக்காடு கூடும். ஐந்தரை மணிக்குப் புறப்பட வேண்டிய குடும்பத்துக்கு இது தவிர்க்க முடியாத செலவு. முந்தைய இரவே வண்டியைப் பதிவு செய்து, விடுதிக் கணக்கையும் அப்போதே முடித்துவிடுங்கள். சிறிய விடுதிகளில் வரவேற்பு மேசையில் இரவு முழுவதும் ஆள் இருப்பாரா, இல்லையென்றால் அறைச் சாவியை எங்கே போட வேண்டும் என்பதையும் படுக்கப் போகும் முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.